காலுக்குள் நடந்த வெளிச்சம்

ஜூன் 9, திங்கள்

தினமும் மூன்று வரி எழுத வேண்டும் என்று டாக்டர் ஜெசிந்தா சொல்லியிருக்கிறார். எத்தனை மணி நேரம் நின்றேன், எவ்வளவு தூரம் நடந்தேன், வலி எப்படி. ஜாப் கார்டு தவிர வேறு எதையும் நான் எழுதி முப்பது வருடம் ஆகிறது. மரகதம் இந்த நோட்டை வாங்கி வந்து, முதல் பக்கத்தின் மூலையில் மஞ்சள் தடவிக் கொடுத்தாள்.

பெயர்: திருமூர்த்தி. வயது: 54. தொழில்: லேத் டர்னர், கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்புசெட் கம்பெனி. வியாதி: வலது காலில் நரம்பு சுருட்டு. கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் ஆறாத புண், ஐந்து வருடமாக.

நின்றது: இல்லை, லீவு. நடந்தது: பஸ் ஸ்டாப் வரை. வலி: உண்டு.

மூன்று வரி முடிந்துவிட்டது. ஆனால் வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலை பதினொரு மணி இருக்கும். ஷாஃப்ட் ஒன்று கடைந்துகொண்டிருந்தேன். செருப்புக்குள் வெதுவெதுவென்று ஏதோ நனைந்தது. கடையும் இரும்பு சூடாகாமல் இருக்க ஊற்றுகிற கூலன்ட்டின் குழாய் கழன்று காலில் அடிக்கிறது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் ரத்தம். புண்ணின் கட்டுக்குப் பக்கத்தில் புடைத்திருந்த நரம்பிலிருந்து, ஓஸில் ஊசித்துளை விழுந்த மாதிரி மெல்லிய தாரையாக மெஷின் கால்வரை பீய்ச்சிக்கொண்டிருந்தது. வலியே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த மெஷினில் நிற்கும் பிரிட்டோ என் லேத்தை நிறுத்தி, என்னைத் தரையில் படுக்க வைத்து, காலைத் தூக்கி ஸ்டூல் மேல் போட்டு, மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட்டை வைத்து அழுத்தினான். இரண்டே நிமிடம். நின்றுவிட்டது. டாக்டரிடம் சொன்னபோது, படுக்க வைத்துக் காலைத் தூக்கியதுதான் சரியான வைத்தியம், அந்த ஆள் யார் என்று கேட்டார். டர்னர் என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

நின்றது: ஒரு மணி. நடந்தது: வீட்டுக்குள். வலி: சாயங்காலம் அதிகம்.

மரகதம் கட்டு மாற்றினாள். நான் பேப்பர் படித்தேன். ஊதுபத்தி வாசத்தில் தலை வலித்தது. இந்த நாலைந்து வருடமாக இவளுக்குப் பக்தி கூடிவிட்டது. காலையும் மாலையும் மூன்று அறையிலும் ஏற்றி வைக்கிறாள்.

ஜூன் 12, வியாழன்

நின்றது: ஸ்கேன் அறையில் முக்கால் மணி.

ஸ்கேன் என்றால் படுக்க வைப்பார்கள் என்று நினைத்துப் போனேன். நிற்க வைத்தார்கள். சின்ன மரப்படியில் ஏற்றி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, எடையெல்லாம் இடது காலில் கொடுத்து வலது காலைத் தளர்வாக விடச் சொன்னார் டாக்டர். தொடையில் ஜெல் தடவி, கைப்பிடி மாதிரி ஒன்றை வைத்து அழுத்தினார். திரையில் கறுப்பும் சாம்பலுமாக ஏதோ அசைந்தது. இன்னொரு கையால் என் கெண்டைச் சதையைப் பிழிந்தார். திரையில் நீல நிறம் ஒரே வீச்சில் ஓடியது. கையை விட்டார். அதே குழாயில் சிவப்பு திரும்பி ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. உஸ்ஸென்று சத்தம் வேறு.

நீலம் என்பது மேலே இதயத்துக்குப் போகிற ரத்தமாம். சிவப்பு, போனது திரும்பக் கீழே விழுவதாம். சிவப்பு தெரியவே கூடாதாம். எல்லோரும் நரம்பு என்று சொல்கிறோமே, அது நரம்பே இல்லை, ரத்தக்குழாய், சிரை என்று பெயர் என்றார்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

"அப்ப உள்ள ஃபுட்வால்வு போயிருச்சுங்களா?" என்று கேட்டேன்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். அது என்ன என்று கேட்டார். அவர் நாகர்கோவில் பக்கம். கிணற்று மோட்டார் பார்த்ததில்லை போலிருக்கிறது. நான் சொன்னேன். கிணற்றுக்குள் இறங்கும் பைப்பின் அடியில் ஒரு வால்வு இருக்கும். மோட்டார் ஓடும்போது திறந்து தண்ணீரை மேலே விடும். மோட்டார் நின்றதும் மூடிக்கொண்டு, ஏறிய தண்ணீர் கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும். அது லீக் ஆனால் பைப்பில் தண்ணீரே நிற்காது.

"நான் பன்னெண்டு வருஷமா படம் போட்டு விளக்கிட்டு இருக்கேன், இவ்வளவு சுலபமா யாருக்கும் சொன்னதில்ல" என்றார். "அந்த மாதிரி வால்வு கால்ல அடுக்கடுக்கா இருக்கு. உங்களுக்கு இந்தக் குழாய்ல தொடைல இருந்து கணுக்கால் வரைக்கும் ஒண்ணுகூட மூடல. அத்தனை பாரமும் கணுக்கால்ல வந்து நிக்குது. அப்புறம் புண் எப்படி ஆறும்?"

பிறகு, நல்ல வால்வு எப்படி இருக்கும் என்று பார்க்கிறீர்களா என்று கேட்டு இடது காலுக்கு மாற்றினார். கொஞ்ச நேரம் தேடினார். திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள். வெங்காயத்தின் உள்தோல் அளவுகூடத் தடிமன் இல்லை. அவை விலகின. சேர்ந்தன. விலகின. சேர்ந்தன.

நான் ஃபுட்வால்வு கடைந்தவன். பித்தளை உடம்பு, ரப்பர் வாஷர், ஸ்பிரிங். மூன்று வருடத்தில் வாஷர் போய்விடும். இதில் வாஷர் இல்லை, ஸ்பிரிங் இல்லை, ஒரு போல்ட் இல்லை. நான் டீ குடிக்கும்போதும், ஃபோர்மேனைத் திட்டும்போதும், தூங்கும்போதும், ஐம்பத்து நாலு வருடமாக ஒரு சர்வீஸ்கூட இல்லாமல் இது மூடித் திறந்துகொண்டே இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது.

இன்னொரு தடவை காட்டச் சொன்னேன். காட்டினார். மூன்றாவது தடவையும் கேட்டேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். ஆனாலும் காட்டினார்.

மூலையில் நாற்காலியில் இருந்த மரகதமும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். 

கெட்டுப்போன குழாயை லேசர் வைத்து உள்ளுக்குள்ளேயே சுட்டு மூடிவிடலாமாம். ரத்தம் பிறகு எப்படிப் போகும் என்று கேட்டேன். ஆழத்தில் மெயின் லைன் நன்றாக இருக்கிறது, லீக் ஆகிற பக்க லைனை அடைத்தால் போதும் என்றார். வருகிற வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 15, ஞாயிறு

நின்றது: கணக்கு இல்லை. வலி: உண்டு.

போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். லேசர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனிக்குப் பின்னால் லேசர் கட்டிங் யூனிட் இருக்கிறது. பத்து எம்.எம். தகட்டை அப்பளம் மாதிரி வெட்டிப் போடும். அதைச் சதைக்குள் விடுவதா? ஐந்து வருடம் சமாளித்தவனுக்கு இன்னும் கொஞ்சம் சமாளிக்கத் தெரியாதா?

மரகதத்திடம் சொன்னேன். கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். நான் பேப்பரில் இருந்தேன். கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"நீங்க போகலீன்னா, நானும் இனிமேல் கட்டுப் போட மாட்டேனுங்க" என்றாள்.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் இவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பேப்பரை இறக்காமலே, சரி, போகிறேன் என்றேன்.

ஜூன் 19, வியாழன்

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது. ஆனால் நாளைக்கு எழுதினால் பாதி மறந்துவிடும்.

முழு மயக்கம் கிடையாது. கால் மட்டும். முழங்காலுக்குக் கீழே ஓர் ஊசி போட்டு, அதன் வழியாக மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி ஒரு கண்ணாடி இழையை உள்ளே விட்டார்கள். போவதே தெரியவில்லை. தொடையின் மேல்முனை வரை போய்விட்டது என்றார் டாக்டர். அப்புறம் தொடை நெடுக ஊசி. இதுதான் கொஞ்சம் வலித்தது. குழாயைச் சுற்றிலும் குளிர்ந்த தண்ணீரும் மரத்துப்போகிற மருந்தும் நிரப்புகிறோம், சூடு வெளியே சதைக்குப் போகாமல் இருக்க என்றார்.

"கூலன்ட்டுங்களா?" என்றேன்.

"ஆமா, கூலன்ட்தான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் என் பயம் முக்கால்வாசி போய்விட்டது. கூலன்ட் போட்டு வேலை செய்கிறவர் பொருளைக் கெடுக்க மாட்டார்.

விளக்கைக் குறைத்தார்கள். எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டார்கள், எனக்கும் ஒன்று. தலையைக் கொஞ்சம் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். சிஸ்டர் தலைக்குக் கீழே ஒரு துணியை மடித்து வைத்தார்.

என் தொடைக்குள் ஒரு சிவப்பு வெளிச்சம். எரிகிற டார்ச்சை விரலால் மூடினால் விரல் சிவக்குமே, அப்படி. தோலுக்கு அடியில், என் சொந்தச் சதைக்குள், கனிந்த கங்கு மாதிரி நின்றது. பிறகு நகர்ந்தது. ஓட்டமில்லை, குலுக்கலில்லை. மேலிருந்து முழங்காலைப் பார்த்து மெல்ல நடந்து வந்தது. அது கடந்து வந்த வழியெல்லாம் குழாய் மூடிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொன்னார். எனக்கு வலி இல்லை. நாக்கில் மட்டும் ஏதோ இரும்பு ருசி.

நான் அவர் கையைத்தான் பார்த்தேன். இழையை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். லேத்தில் டூல் நகர்வது போல ஒரே சீரான ஃபீடு. துளிகூட முன்னே பின்னே இல்லை. முப்பத்தொரு வருடம் லேத்தில் நின்றவனுக்குத்தான் அந்தக் கையின் அருமை தெரியும். லேசர் தகடு வெட்டும். அதே லேசர் ஒருத்தர் கையில் இத்தனை பொறுமையாகவும் இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

புண்ணைச் சுற்றியிருந்த சின்னக் குழாய்களுக்கு நுரை மாதிரி ஒரு மருந்து செலுத்தினார்கள். இறுக்கமாகக் கட்டுப் போட்டார்கள். எழுந்து நடங்கள் என்றார்கள். நம்பவில்லை. இறங்கினேன். நடந்தேன்.

வெளியே மரகதம் நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவு நேரமும் நின்றுகொண்டேதான் இருந்தாராம், நாற்காலி போட்டும் உட்காரவில்லை என்று சிஸ்டர் சொன்னார். நான் நடந்து வருவதைப் பார்த்ததும்தான் போய் உட்கார்ந்தாள்.

நடந்தது: ஆஸ்பத்திரி வராந்தாவில் இருபது நிமிடம்.

ஜூன் 20, வெள்ளி

நடந்தது: காலை 20, மாலை 20 நிமிடம். வலி: இழுக்கிற மாதிரி. தொடை முழுக்க நாவல்பழக் கறை போட்டது போல் இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

நடந்தது: 10 நிமிடம். அதற்கு மேல் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் தொடையில் கயிறு மாதிரி ஒன்று கெட்டியாகத் தட்டுப்படுகிறது. தொட்டால் வலி. ரத்தக்கட்டி இதயத்துக்குப் போய்விடும் என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டது நினைவுக்கு வந்தது. மரகதத்திடம் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்துகொண்டாள், இரண்டு நாளாக உட்காரும்போது நான் தொடையைத் தடவுகிறேனாம். உடனே கிளம்பச் சொன்னாள்.

டாக்டர் மறுபடி படியில் நிற்க வைத்தார். கெண்டைச் சதையைப் பிழிந்தார். திரையில் நீலம் இல்லை. கையை விட்டார். சிவப்பும் இல்லை. குழாய் இருந்த இடத்தில் ஒரு கறுத்த கோடு. அமைதி. அந்தக் கயிறு வேறொன்றும் இல்லை, மூடிய குழாய்தான், கொஞ்ச மாதத்தில் உடம்பே அதைக் கரைத்துவிடும் என்றார். ஆழத்துக் குழாயிலும் பார்த்தார். அங்கே நீலம் நன்றாக ஓடியது.

நோட்டு எங்கே என்று கேட்டார். வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன். பையில்தான் இருந்தது. மூன்று வரியோடு நிறுத்தாததை அவர் படிக்க வேண்டாம்.

ஜூலை 3, வியாழன்

நடந்தது: 40 நிமிடம், ஒரே மூச்சில். வலி: சொல்லும்படி இல்லை.

கட்டுத் துணியில் ஈரம் குறைந்திருக்கிறது என்று மரகதம் சொன்னாள். முன்பு ஒரு நாளைக்கு இரண்டு தடவை மாற்றுவாள். இப்போது இரண்டு நாளைக்கு ஒரு தடவை. மிச்ச நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் தையல் மெஷின் மேல் கிடந்த துணியை எடுத்து உதறி மறுபடி மூடி வைத்தாள். ஒரு காலத்தில் இந்த வீதியில் பாதிப் பேருக்கு இவள்தான் ஜாக்கெட் தைத்தாள். கண் சரியில்லை என்று நிறுத்திவிட்டாள்.

ஜூலை 6, ஞாயிறு

நடந்தது: 45 நிமிடம்.

வீட்டில் இன்று ஊதுபத்தி இல்லை. கேட்டேன். தீர்ந்துபோச்சு, வாங்கலை என்றாள். பக்தி குறைந்துவிட்டதா என்று கேலி செய்தேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 10, வியாழன்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். நன்றாக ஆறி வருகிறது என்றார். பெரிதாக இருந்தபோது எவ்வளவு இருந்தது என்று என்னைக் கேட்டார். ரூபாய்க் காசு அளவுக்கு என்று விரலை வளைத்துக் காட்டினேன்.

"இல்லீங்க டாக்டர்" என்றாள் மரகதம்.

பைக்குள் கையை விட்டு ஒரு கட்டு எடுத்தாள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்கள். மளிகைக்கடைச் சர்க்கரைக் கவரை வெட்டிக் கழுவிக் காய வைத்தவை. ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் ஒரு வளைந்த கோடு, கீழே தேதி. மாதா மாதம் ஒன்றாம் தேதி, புண்ணின் மேல் தாளைப் பிடித்து ஓரத்தை வரைந்து வைத்திருக்கிறாள். அறுபத்தொரு தாள்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று டாக்டர் கேட்டார்.

"யாருமில்லீங்க. தினம் பாக்கறப்ப பெருசாகுதா சின்னதாகுதான்னு தெரிய மாட்டேங்குதுங்க. ஜாக்கெட்டுக்கு அளவு எடுத்து வெக்கற மாதிரி எடுத்து வெச்சனுங்க."

டாக்டர் அவற்றைக் கையில் வாங்கினார். எக்ஸ்ரே பார்க்கிற விளக்குப் பலகையைப் போட்டு, தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அதில் வைத்தார். கோட்டுக்கு வெளியே கோடு, அதற்கு வெளியே கோடு. குளத்தில் தண்ணீர் ஏறி இறங்கிய தடம் போல இருந்தது. எல்லாவற்றிலும் பெரியது மூன்றாம் வருடம் ஐப்பசியில் எடுத்தது. முழு வெற்றிலை அளவு. கடைசித் தாளில் இருந்தது அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை.

வெற்றிலை. என் காலில். எனக்குத் தெரியாது.

"இவ்வளவு பெரிய புண்ணு அஞ்சு வருஷம் இருந்து, ஒரு தடவைகூட எலும்புக்குப் போகாம இருந்திருக்கு" என்று டாக்டர் என்னிடம் சொன்னார். "குழாயை மூடினது நான். காலைக் காப்பாத்தினது இவங்க."

மரகதம் சேலைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். டிராயிங் பார்த்து வேலை செய்தே வாழ்ந்தவன் நான். அத்தனை சுத்தமான கோடு எங்கள் கம்பெனி டிராயிங்கில்கூட இருந்ததில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம். நான் பக்கத்தில். காந்திபுரம் தாண்டும்போது அந்த ஊதுபத்தி எந்த வாடையை மறைக்க என்று எனக்குப் புரிந்தது. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் ஏன் வராமல் போனார்கள் என்றும் புரிந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

ஜூலை 12, சனி

நடந்தது: 50 நிமிடம்.

மரகதம் கட்டுச் சாமான்களை எடுத்து வந்து உட்கார்ந்தாள். நான் பேப்பரை மடித்துக் கீழே வைத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கட்டைப் பிரித்தாள்.

பார்த்தேன். சுற்றிலும் கறுத்த தோல். நடுவில் ரோஜா நிறத்தில் சின்னப் பள்ளம். அதன் ஓரத்திலிருந்து புதுத் தோல், ஆறுகிற பாலின் மேல் ஆடை படர்வது போல, உள்ளே வந்துகொண்டிருந்தது. யாரும் இழுத்து விடவில்லை. எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

"அஞ்சு வருசத்துல நான் இதை ஒரு நாள்கூடப் பாத்ததில்ல, புள்ள" என்றேன்.

"தெரியுமுங்க. ஒரு நாள் பேப்பரைத் தலைகீழாப் புடிச்சிருந்தீங்க."

"ஏன் சொல்லல?"

மருந்தைத் தடவிக்கொண்டே பதில் சொன்னாள். "ரெண்டு பேரும் பாத்து ரெண்டு பேரும் பயந்துட்டா, யாருங்க கட்டுப் போடறது?"

ஜூலை 28, திங்கள்

வேலைக்குப் போனேன். என்னை இன்ஸ்பெக்ஷன் மேஜைக்கு மாற்றியிருக்கிறார்கள். உட்கார்ந்து அளவு பார்க்கிற வேலை. மணிக்கொரு தரம் எழுந்து நடக்கிறேன். டாக்டர் போடச் சொன்ன, முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கிற காலுறையைப் பிரிட்டோ பார்த்துவிட்டு, ஃபுட்பால் ஆடப் போகிறாயா என்று கேட்டான்.

ஆகஸ்ட் 9, சனி

நடந்தது: ஒரு மணி நேரம். புண் புளியங்கொட்டை அளவு.

ஆகஸ்ட் 28, வியாழன்

மூடிவிட்டது.

டாக்டர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இனிக் கட்டு வேண்டாம், காலுறை மட்டும் போதும் என்றார். ஓடுகிற தண்ணீரில் கால் வைக்கலாமா என்று கேட்டேன். நன்றாக வைக்கலாம் என்றார். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மரகதம் மிச்சமிருந்த பஞ்சு, துணி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். பிறகு அந்த டப்பாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கோவிலுக்குப் போகலாமா என்று கேட்டேன். நாளைக்குப் போகலாம் என்றாள். சாப்பாடும் சரியாகச் சாப்பிடவில்லை. கால் ஆறியதற்குச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

ஆனைமலைக்கு அக்கா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். எத்தனை நாள் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள்.

முன்பெல்லாம் வருடத்தில் இரண்டு தடவையாவது போவாள். இந்த ஐந்து வருடத்தில் போகவில்லை. இவளுக்கு வெளியே போவதே பிடிக்காமல் போய்விட்டது என்று ஓசூரில் இருக்கிற மகனிடம் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு இரவுகூட இந்தப் புண்ணை விட்டு அவள் வேறெங்கும் தங்கியதில்லை. இன்றைக்குத்தான் எனக்கு அது கணக்கில் வருகிறது.

போய்ட்டு வா என்றேன்.

செப்டம்பர் 1, திங்கள்

காலுறையை நானே போட்டுக்கொண்டேன். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. வியர்த்துவிட்டது. மரகதம் இருந்தால் இரண்டு நிமிடத்தில் போட்டுவிடுவாள்.

செப்டம்பர் 4, வியாழன்

காலுறை: பதினைந்து நிமிடம். ரசம் வைத்தேன். புளி அதிகம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பத்து நிமிடம். போனில் பேசினாள். கால் எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்பாள் என்று காத்திருந்தேன். அக்கா வீட்டுக் கன்றுக்குட்டியைப் பற்றியே பேசினாள். வைத்த பிறகுதான் கவனித்தேன், காலைப் பற்றிக் கேட்கவே இல்லை. முதலில் என்னவோ போல் இருந்தது. அப்புறம், கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று அல்லவா என்று தோன்றியது. எப்போது வருகிறாய் என்று நானும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் பஸ் ஏறிவிட்டேன். பொள்ளாச்சியில் மாறி ஆனைமலை. இறங்கி இரண்டு கிலோமீட்டர் தென்னந்தோப்பு வழியே நடை. ஒரு இடத்திலும் உட்காரவில்லை.

வீட்டில் யாரும் இல்லை. பின்பக்கம் வாய்க்காலிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு குரல். ஒன்று அவள் அக்கா தெய்வானை. இன்னொன்று யாருடையது என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டேன். உடனே போய் அதை நிறுத்திவிட மனம் வரவில்லை.

போனபோது மரகதம் முழங்கால் வரை தண்ணீரில் நின்று பாய் அலசிக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு இல்லை. தெய்வானை என்னைப் பார்த்ததும் வாங்க என்றுவிட்டு, காபி போடுகிறேன் என்று பாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"நடந்தா வந்தீங்க?" என்றாள். ஆமாம் என்றேன்.

 பிறகு அவளே சொன்னாள்.

"இங்க நல்லாத் தூக்கம் வருதுங்க. அங்க ராத்திரியில ரெண்டு மூணு தடவை எந்திரிச்சு, உங்க பெட்ஷீட்டுல ரத்தம் இருக்குதான்னு பாத்துட்டுப் படுப்பேன். இங்க வந்தும் ஒரு வாரம் அப்படித்தான் முழிப்பு வந்துச்சு. இப்பத்தான் நின்னிருக்குது."

ஐந்து வருடம். முன்னறையில் நான் தனியாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் பத்து நாள் இருந்துட்டு வரட்டுங்களா?" என்று கேட்டாள்.

"இரு. எத்தனை நாள் வேணும்னாலும் இரு. வர்ற ஞாயித்துக்கெழமை நானும் வர்றேன்" என்றேன்.  அவள் தலையை ஆட்டினாள்.

கரையில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. கெண்டைக்காலில் மோதி இரண்டாகப் பிரிந்து, பின்னால் போய் ஒன்றாகச் சேர்ந்து ஓடியது. உள்ளே இன்னொரு ஓட்டம், தண்ணீருக்கு எதிராக, பூமிக்கு எதிராக, மேல்நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது மயிர் கூச்செறிந்தது.

சின்ன மீன்கள் வந்தன. ஒன்று கணுக்காலுக்கு மேலே, புதுத் தோல் மூடிய இடத்தில் வாயை வைத்தது. நான் துள்ளிவிட்டேன்.

"என்னாச்சுங்க? வலிக்குதா?" என்று அவள் சட்டென்று குனிந்தாள்.

"இல்ல புள்ள" என்றேன். "கூசுது."

அவள் தண்ணீருக்குள் பார்த்தாள். நானும் பார்த்தேன். மீன் மறுபடி வந்தது.